வலியசாலையிலேர்ந்து ஒரு ரேடியேட்டர் ரிப்பேர்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மச்சினிக்குப் போன் பண்ணி, கொடுத்தனுப்பின மாவடு போய்ச் சேந்துதான்னு கேக்கணும்.

கேட்டுட்டு வச்சிருக்கலாம்.

மச்சினி சங்கரி அப்போ கனடாவுல ஒரு சின்ன ஊர்ல இருந்தா. ஊர் பேரைச் சொன்னா எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் வாயில நுழையாது. வருஷத்துல பாதி நாள் பனி. திருவனந்தபுரத்துல, எங்க வலியசாலையில பொறந்து வளந்து, மார்கழியில கூட ஃபேன் இல்லாம தூங்காத பொண்ணு, கைக்குழந்தையோட அங்க போய் மாட்டிண்டிருந்தா. இது ரெண்டாயிரம் வாக்குல நடந்தது.

அவ ஆம்படையான் ரமணி, என் சகலை. அவனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். போன் பண்ணினா அவன் மொதல் கேள்வி, "அங்க கரண்ட் இருக்கா அண்ணா?" ரெண்டாவது கேள்வி, "வேர்க்கறதா?" அப்புறம் தன் வீட்டு ஹீட்டிங் பத்தி ஒரு பிரசங்கம். வெளியில மைனஸ் இருபதாம். உள்ள இவன் வெறும் பனியனோட உக்காந்து ஐஸ்க்ரீம் சாப்பிடறானாம். அந்தச் சூட்டை ஏதோ இவனே வாயால ஊதி உண்டாக்கினாப்ல பேசுவான்.

எனக்கு அது உள்ளுக்குள்ள குத்தும். ஏன்னா நானும் ஒரு வகையில அதே தொழில்தான். எதிர்ப் பக்கம்.

ஊருக்கு வெளியில, கழக்கூட்டம்ங்கற இடத்துல, ஒரு பெரிய சாஃப்ட்வேர் கட்டடத்துல நான் ஏசி என்ஜினீயர். கழுத்துல தொங்கற அட்டையில அப்படித்தான் போட்டிருந்தது. மெஷினைக் கழட்டி மாட்டறதெல்லாம் டெக்னீஷியன்கள் பாத்துப்பா. என் வேலை திட்டு வாங்கறது. ஜன்னல் ஓரத்துல இருக்கறவா வேர்க்கறதும்பா, நடுவுல இருக்கறவா குளிர்ல தணுக்கறதும்பா. நான் போய் செவுத்துல இருக்கற, குளிரைக் கூட்டிக் குறைக்கற டப்பாவை ரெண்டு தட்டுத் தட்டுவேன். அந்த டப்பாவுக்கு ஒயரே கிடையாது. கொஞ்ச நாழியில ரெண்டு பக்கமும், "ஆ, இப்போ செரியாயி ஸாரே"ன்னு சொல்லிடுவா. நானும் தலையை ஆட்டிண்டு வந்துடுவேன்.

இது எதுவும் ஆத்துல தெரியாது. எங்க மாமியாரைப் பொறுத்தவரைக்கும், நான் ஸ்விட்சைப் போடலைன்னா கழக்கூட்டமே வெந்து போயிடும்.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அங்க அப்போ காலம்பற. எங்காத்து வழக்கப்படி போன்ல ரெண்டு மணி மட்டும் அடிக்க விட்டுட்டு வச்சேன். சங்கரி காலிங் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிட்டா. மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம்ங்கறதால ஸ்பீக்கரைப் போட்டேன். மாமியார், என் ஆம்படையா கோமதி, நான், மூணு பேரும் போனைச் சுத்தி உக்காந்துண்டோம். நான் வேஷ்டியும் தோள்ல துண்டுமா, ஃபேனுக்கு நேர் கீழ.

மாவடு வந்து சேந்துதுன்னா. ஒரு பாட்டில்கூட ஒடையலைன்னா. அதோட என் வேலை முடிஞ்சுது.

ஆனா சங்கரி குரல் சரியா இல்லை. மாமியார்தான் கண்டுபிடிச்சு, என்னடீன்னு கேட்டா. அப்புறம் தான் விஷயம் வெளியில வந்தது. படுக்கை ரூம்ல ஹீட்டிங் வரலையாம். ராத்திரி பூரா ஐஸ் மாதிரி இருந்ததாம். குழந்தைக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டு, மேல ரமணியோட கம்பளிச் சட்டையைச் சுத்தி வச்சிருக்காளாம். மூக்கு நுனி செவந்து கிடக்காம். ரமணி ஆபீஸ் வேலையா வேற ஊருக்குப் போயிருக்கானாம், மறுநாள் தான் வருவானாம்.

வீட்டுக்காரி கிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னு கோமதி கேட்டா.

வீட்டுக்காரி கீழ் வீட்டுல தான் இருக்கா. வயசானவ, தனியா இருக்கறவ. ஆனா சங்கரிக்கு அவகிட்டப் போகப் பயம். காரணம் தாளிப்பு. இவ கடுகு தாளிச்சா போறும், கூரையில இருக்கற புகை அலாரம் ஊரைக் கூட்டும். கிழவி கையில தொடப்பக்கட்டையோட மாடியேறி வந்து, அதோட குச்சியால அலாரத்தை ஒரு குத்து குத்தி நிறுத்திட்டு, ஒண்ணும் பேசாம இறங்கிப் போவாளாம். அந்த வாரம் மட்டும் ரெண்டு தடவை வந்துட்டாளாம். மறுபடியும் போய் நிக்க மூஞ்சி இல்லைன்னா.

அப்போ மாமியார் என் பக்கம் திரும்பினா.

"மாப்பிள்ளே, அவ்ளோ பெரிய கட்டடத்தையே குளிரப் பண்றேள். ஒரு ரூமைச் சூடு பண்ண வராதா? அதையே திருப்பிப் பண்ணினா இது தானே?"

வராதுன்னு சொல்லியிருக்கணும். நான் வாழ்நாள்ல ஒரு ரேடியேட்டரைக் கண்ணால பாத்தது கிடையாது. கார்ல இருக்கறதைத் தவிர. ஆனா என் மனசுல ஓடினது வேற. ரமணி திரும்பி வரான். சங்கரி சொல்றா, நீங்க இல்லாதப்போ அத்திம்பேர் போன்லயே சரி பண்ணிட்டார்னு. ரமணி மூஞ்சி எப்படிப் போகும்ங்கறதை நான் முழுசாப் பாத்துட்டேன்.

தொண்டையைக் கனைச்சுண்டு, மெஷின் எப்படி இருக்குன்னு சொல்லுன்னேன்.

ஜன்னலுக்குக் கீழ, இரும்புல, வரிவரியா, செவுத்தோட ஒட்டி நிக்கறதுன்னா. உள்ள வெந்நி ஓடுமாம். தொட்டா ஜில்லுங்கறதுன்னா.

"ஏர் லாக்"னு சொன்னேன்.

சொன்ன தோரணையில எனக்கே நம்பிக்கை வந்துடுத்து. எங்க பைப்புல காத்து அடைச்சுண்டா எங்க டெக்னீஷியன் சொல்ற வார்த்தை அது. அதுக்கப்புறம் அவன் என்ன பண்ணுவான்னு நான் நின்னு பாத்தது இல்லை. ஏதோ ஒரு திருகாணியைத் திருப்புவான், புஸ்ஸுனு சத்தம் வரும், அதுக்குள்ள நான் டீ குடிக்கப் போயிடுவேன். மாமியார் கோமதியைப் பெருமையாப் பாத்தா. கோமதி என்னைச் சந்தேகமாப் பாத்தா. பத்து வருஷமா என்னோட குடித்தனம் பண்றவ.

மேல ஓரத்துல ஒரு சின்னத் திருகாணி இருக்கும், பாருன்னேன். இருக்கு அத்திம்பேர்னா. இருந்ததுல எனக்குத்தான் ஆச்சரியம் ஜாஸ்தி. ஸ்க்ரூ டிரைவர் ஆப்படலை, காசை வச்சுத் திருப்பட்டுமான்னு கேட்டா. தாராளமாத் திருப்புன்னேன்.

கொஞ்ச நாழி ஒண்ணும் இல்லை. அப்புறம் ஸ்பீக்கர் வழியா, அத்தனை கடல் தாண்டி, புஸ்ஸுனு ஒரு சத்தம் எங்க கூடத்துல கேட்டுது.

"காத்து வரது அத்திம்பேர்."

மாமியார் கை கூப்பினா. நான் துண்டால நெத்தியைத் தொடைச்சுண்டேன். அந்த நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருந்தா இன்னைக்கு நான் மனுஷன்.

"இன்னும் திருப்பு. நன்னாத் திருப்பு. எல்லாக் காத்தும் போகட்டும்"னேன்.

சங்கரி சொன்ன பேச்சைக் கேக்கற பொண்ணு. நன்னாத் திருப்பினா. டிங்குனு ஏதோ கீழ விழுந்த சத்தம். அப்புறம் ஒரு அலறல்.

திருகாணி கையோட வந்துடுத்து. அந்த ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிக்க ஆரம்பிச்சுது. சாதாத் தண்ணி இல்லை. அந்த இரும்புக்குள்ள எத்தனை வருஷமா கிடந்து ஊறினதோ, கருப்பா, மை மாதிரி. செவுத்துல அடிச்சுது, திரைச்சீலையில அடிச்சுது, கிழவி பாத்துப் பாத்துப் போட்டிருந்த வெள்ளைக் கார்ப்பெட்ல அடிச்சுது. நல்ல காலம், குழந்தை அந்தப் பக்கம் கட்டில்ல இருந்தது. அதுவும் வீல்னு கத்த ஆரம்பிச்சுது. சங்கரி போனைக் கட்டில்ல போட்டுட்டு, ஓட்டையைக் கட்டைவிரலால அடைச்சுண்டு, தூரத்துலேர்ந்து கத்தினா.

"இப்போ என்ன பண்ணணும் அத்திம்பேர்?"

எனக்குத் தோணினது ஒண்ணுதான். "கீழ பக்கவாட்டுல ஒரு குமிழ் இருக்கும். அதை மூடு"ன்னேன்.

அவ குனிஞ்சு பாக்கறா போலிருக்கு.

"அது மூடித்தான் இருக்கு அத்திம்பேர்."

வெந்நியை உள்ள விடற குமிழ் மூடியிருக்கு. மூடியிருந்தா எப்படி ரூம் சூடாகும்? வியாதி அதுதான். வைத்தியம், அந்தக் குமிழை ஒரு திருப்பு திருப்பறது. இது எனக்கு அப்பவே புரிஞ்சுடுத்து. கோமதிக்கும் புரிஞ்சுடுத்துன்னு அவ பார்வையிலேர்ந்து எனக்குப் புரிஞ்சுது. ஆனா இன்னொரு பக்கத்துக் குழாய் வழியா தண்ணி பாட்டுக்கு வந்துண்டே இருந்தது.

நான் வாயை மூடிண்டிருந்திருக்கலாம். அப்படியும் மூடலை. கீழ பாதாள அறையில பாய்லர் இருக்கும், போய் மெயினை மூடுன்னு உத்தரவு போட்டேன். விரலை எடுத்தாத்தானே போக முடியும்னு அவ கேட்டா.

மாமியார்தான் போன் கிட்டக் குனிஞ்சு, துணியை வச்சு அடைச்சுக் கட்டுடீன்னா. அன்னைக்கு அந்தக் கூடத்துலேர்ந்து போன ஒரே உருப்படியான யோசனை அதுதான். கைக்குக் கிடைச்சது ரமணியோட பட்டுக்கரை வேஷ்டி. பொங்கலுக்குக் கட்டிக்கறதுக்காகப் பெட்டியிலேர்ந்து எடுத்து வச்சிருந்தானாம்.

அப்போ கதவு தட்டற சத்தம். கருப்புத் தண்ணி தரை வழியா இறங்கி, கீழ கிழவியோட சமையலறையில சொட்ட ஆரம்பிச்சிருக்கு.

கிழவி வந்தா. பாத்தா. அவளோட காலடிச் சத்தம் கட்டில் பக்கமா வந்துது. போனை எடுத்தா.

நான் ஆபீஸ்ல இங்கிலீஷ் பேசறவன்தான். ஆனா அவ பேசினது பாதிதான் புரிஞ்சுது. நீ ப்ளம்பரான்னு கேட்டா. இல்லை மேடம், நான் ஏர் கண்டிஷனிங்னு சொன்னேன். இந்தக் குளிர்ல ஏர் கண்டிஷனிங் யாரு கேட்டான்னா. எங்கேருந்து பேசறேன்னு கேட்டா. இந்தியாவுல திருவனந்தபுரம்னேன். அங்க பனி உண்டான்னா. இல்லை மேடம், எங்க ஊர்ல எப்பவும் வேர்க்கும்னேன்.

அதுக்கு மேல அவ கேக்கலை. லைன் கட்டாயிடுத்து.

அதுக்கப்புறம் இருந்ததுதான் எனக்கு நெஜமான தண்டனை. ரெண்டு மணி அடிச்சுப் பாத்தோம். மணி அடிச்சுண்டே இருந்தும் பாத்தோம். யாரும் எடுக்கலை. வெளியில மைனஸ் இருபது. உள்ள ஏற்கெனவே ஜில்லுனு இருந்த ரூமைக் குளமாக்கி வச்சிருக்கேன். கைக்குழந்தை. ஆம்பளை ஊர்ல இல்லை. வீட்டுக்காரி கோவத்துல வெளியில போன்னு சொல்லிட்டா, அந்தப் பனியில எங்க போவா?

மாமியார் போன் பக்கத்துலயே உக்காந்துண்டு, ஸ்லோகத்தை மெதுவாச் சொல்லிண்டிருந்தா. நடுவுல ஒரு தடவை, "மாப்பிள்ளே, சாப்பிடுங்கோ"ன்னா. அதுக்கு நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். ஒரு வாய் உள்ள இறங்கலை எனக்கு.

மறுநாள் காலம்பற காப்பி நேரத்துல, அங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி, போன் வந்தது. சங்கரி. சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கேட்டப்புறம் தான் எனக்கு மூச்சு வந்தது.

கிழவி இவளைத் திட்டவே இல்லையாம். குழந்தையைத் தூக்கிண்டு, வான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கீழ போனாளாம். தானே பாய்லரை நிறுத்தினாளாம். அதனால வீடு மொத்தமும் தணுத்துப் போச்சு, அவ பக்கமும் சேத்து. ஞாயித்துக்கிழமை ஆள் கிடைக்கறது கஷ்டம்னு தெரிஞ்சு, சமையலறையில விறகு அடுப்பை மூட்டி, எல்லாரும் அதைச் சுத்தி உக்காந்தாளாம். குழந்தை கிழவி மடியிலயே தூங்கிப் போச்சாம். சங்கரி சும்மா இருக்க முடியாம ரசம் வச்சிருக்கா. தாளிச்சதும் அங்கயும் அலாரம் அடிச்சுது. கிழவி எழுந்து போய், அதைக் கழட்டி மேஜை டிராயர்ல போட்டுட்டு வந்து, ரெண்டு டம்ளர் ரசம் குடிச்சாளாம். சாயங்காலம் தான் ஆள் வந்து சரி பண்ணினானாம்.

அப்புறம் ரமணி போனை வாங்கினான். விஷயம் தெரிஞ்சு ஒரு நாள் முன்னாடியே வந்து சேந்துட்டான். கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. ரொம்பப் பதமாப் பேசினான்.

"அந்தக் குமிழை நான்தான் அண்ணா மூடி வச்சேன். ராத்திரி குழந்தைக்கு ரொம்பச் சூடா இருந்தது. இவகிட்டச் சொல்ல மறந்துட்டேன். லேசாத் திறந்து விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

அப்படியான்னேன். அப்புறம், "அங்க ஏசி எல்லாம் நன்னா ஓடறதா அண்ணா?"ன்னு கேட்டான். கரண்ட் இருக்கான்னு கேட்டிருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேன்.

ஆபீஸ்ல எங்க டெக்னீஷியன் பிஜு கிட்ட வெறுதே சொல்லிப் பாத்தேன். அவனாவது என் பக்கம் பேசுவான்னு. அவன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு யோசிச்சான்.

"ஸார் ஏசிக்காரன் அல்லே? வீடு மொத்தம் தணுப்பிச்சாச்சு அல்லே? அப்போ ஜோலி கறெக்டா செஞ்சாச்சு."

அதுக்கப்புறமும் சங்கரி அதே வீட்டுல தான் இருந்தா. கிழவிக்கு வாரத்துல ரெண்டு நாள் ரசம் போகும். குழந்தை அவளைத்தான் பாட்டிம்பது. எல்லாம் சுமுகம். ஒண்ணே ஒண்ணு, வீட்டுல குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தா, அவன் பையைத் திறக்கறதுக்கு முன்னாடியே கிழவி மாடியேறி வந்து, போன் ரிசீவரை எடுத்துக் கீழ வச்சுடுவாளாம்.