பல் தெரிந்தால் வரி குறையும்

இந்த இனத்துக்குச் சுங்கவரி ஜோதிடர் என்று பெயர் வைக்கலாம். சரக்குக் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருப்பார். ஆனால் எந்த அமைச்சர் எந்த நாட்டு அமைச்சரோடு கைகுலுக்கினார், யார் கை மேலே இருந்தது, பல் தெரியச் சிரித்தார்களா, உதட்டோடு சரியா, அதன்பின் வரி ஏறியதா இறங்கியதா என்று பதினோரு வருஷமாக, ஒரு நாள் விடாமல், கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருப்பார். எதற்கு? உலகம் யோசனை கேட்டால் சொல்லத்தான். உலகம் கேட்டதில்லை.

மகள் கேட்டாள். தையல்கூடம் நடத்துகிறவள், வெளிநாட்டுப் பூத்தையல் மெஷின் ஒன்றின் மேல் கண் வைத்திருந்தாள்.

"இப்பவே புக் பண்ணிடட்டுமாப்பா? வரி ஏறிட்டா என்னால வாங்கவே முடியாது. சீருடை ஆர்டர் கைவிட்டுப் போயிடும்."

ஜோதிடர் பேப்பரை மூக்குவரை கொண்டுபோனார். "அவசரப்படாதம்மா. ரெண்டு அமைச்சரும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாங்க, பாரு. ரெண்டு வாரத்துல வரி குறையும்."

"அவரு சொன்னா கேளுடி," என்றாள் மனைவி உள்ளிருந்து. "மழை வராதுன்னு அவரு சொன்ன அன்னிக்கெல்லாம் குடை எடுத்துட்டுப் போய் நாம நனையாமத்தானே வந்தோம்!"

சிரித்த நம் அமைச்சர் ஊர் திரும்பினார். தேர்தல் நெருங்கியிருந்தது, உள்நாட்டு மெஷின் தயாரிப்பாளர்கள் கொடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினோராம் நாள் வரி கால் பங்கு ஏறியது.

அன்று ஜோதிடர் கண்ணாடி முன் போய் நின்றார். மகளிடம் என்ன சொல்வது? ஒத்திகை பார்த்த மன்னிப்போடு தையல்கூடத்துக்குப் போனார். உள்ளே புது மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா?"

"அன்னிக்கு நீங்க குளிக்கப் போனப்ப உங்க நோட்டைப் புரட்டினேன். பல் தெரிஞ்சது ஒன்பது தடவை. ஏழு தடவை வரி ஏறியிருக்கு. உங்க கையெழுத்துதாம்ப்பா. உடனே புக் பண்ணிட்டேன். வரி ஏறுறதுக்குள்ள மெஷின் வந்துடுச்சு."

பதினோரு வருஷம் எழுதியவர் ஒரு நாளாவது பின்பக்கம் புரட்டியிருக்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து அன்றைய தேதியில் எழுதினார்: 'பல் தெரிந்தது பத்து. ஏறியது எட்டு.' அடிக்கோடும் போட்டார். ஒன்றரை மில்லிமீட்டர் கோணலாக விழுந்தது. இத்தனை துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அளந்த அடிக்கோல் என் கையில்தான் இருக்கிறது.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இன்றைய பேப்பரில் யாராவது கைகுலுக்குகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தீர்களே, அதையும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.