சங்கு ஊதாத ஐந்து மணி

1973 செப்டம்பர் 13, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, சட்டைக்கு நானே இஸ்திரி போட்டு, பொன்னேரியில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி அட்டைத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்தேன். அன்று மாலை ஐந்து மணி எங்களுக்கு ஐந்து மணிக்கு வரவில்லை. அதற்குக் காரணமானவரைப் போல இன்னொரு மனிதர் சென்னைக்கு வடக்கே பிறக்கவில்லை என்று துணிந்து எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் சங்கு என்றே கூப்பிட்டோம். பாய்லர் அறையில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் சங்கிலியை இழுத்து ஆலைச் சங்கை ஊதுவதும் அவர்தான். அது ஆரம்பாக்கம் வரை கேட்கும். அவர் வாய் திறந்தால் மட்டும் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். எனக்கும் அதே திக்குவாய். அவருக்கு அதில் கூச்சமே கிடையாது. அவர் பங்குக் கூச்சத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொல்லவே வராத வார்த்தை என் பெயர், பரசுராமன். இரண்டு ஊர்களில் பெண் பார்க்கப் போனபோதும் மாமாதான் முந்திக்கொண்டு பெயரைச் சொன்னார். வேலை, படிப்பு எல்லாவற்றையும் அவரே சொல்லப்போக, இரண்டாவது ஊரில் பெண் காபித் தம்ளரை மாமாவிடம் நீட்டி வெட்கப்பட்டாள். வரும் ஞாயிறு ஊத்துக்கோட்டை. மாப்பிள்ளை தன் வாயால் பேச வேண்டும் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

இதைக் கேட்ட சங்கு, "ஒண்டியா குந்திக்கினு அழுதா சரியாவாது. ஒரு கு...குரூப்பு கட்டுவோம்பா" என்றார். திக்குகிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசிப் பழகுவதாம். கேன்டீனில் வாய் திறக்காமல் விரல் காட்டி டீ கேட்கிறவன் எல்லாம் நம்ம ஆள் என்பது அவர் கணக்கு. ஒரு வாரம் அங்கே காவல் கிடந்து இரண்டு பேரைப் பிடித்தார்: பழவேற்காட்டு ஃபிட்டர் தேசப்பன், எளாவூர் லோடுமேன் ஒருவர்.

கூடும் இடம் பாய்லர் அறை. நீராவி இரைச்சலில் எங்கள் திக்கல் வெளியே கேட்காது. சட்டம் ஒன்றுதான்.

"எவனும் அடுத்தவன் வா...வார்த்தைய முடிச்சு வெக்கக் கூடாது. நடுவுல பூந்தா எல்லாருக்கும் நாஷ்டா வாங்கித் தரணும்."

அன்று ஐந்துக்குக் கொஞ்சம் முன்னதாக முதல் கூட்டம். லோடுமேன் எழுந்து கடகடவென்று பேசினார்.

"இன்னாண்ணே பேஜாரு! அன்னிக்குப் பல்லு புடுங்கினாங்க. அதான் வெரலக் காட்னேன்."

"பரவால்ல, குந்து நைனா. கே...கேக்கறதுக்கும் ஆளு வேணும்ல?"

தேசப்பன் ஒருவழியாகத் தன் பெயரைச் சொல்லி முடித்தார். அடுத்து நான். "ப..." என்றேன். உதடு ஒட்டிக்கொண்டது. என் பெயர் தெரிந்த லோடுமேன், அது தப்பி வந்துவிடாமல் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கடிகாரத்தில் ஐந்து ஆனது. சங்கின் கை சங்கிலியில் இருந்தது. இழுக்கவில்லை. இழுத்தால் என் பேச்சின் நடுவில் புகுந்ததாகிவிடும்!

ஆலைச் சங்கு கேட்காமல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார். வெளியே, "ரயிலு பூடும்பா!" என்று கூச்சல். மேனேஜர் நேரே பாய்லர் அறைக்கு வந்துவிட்டார். பின்னால் மொத்த ஷிஃப்டும்.

"ஏன்யா ஊதலை? வேலை வேணுமா, வேணாமா?"

சங்கு கையமர்த்தினார். "இ...இருங்க சார். அவரு பேசிக்கினு இருக்காரு."

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. பள்ளிக்கூட நாளிலிருந்து மறைத்து வந்ததெல்லாம் அந்த வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று என்னைப் பார்த்தது. ஓடவும் வழியில்லை.

மேனேஜர் பொறுக்க முடியாமல், "பரசு..." என்று தொடங்கினார்.

"சார்! நாஷ்டா வாங்கித் தரணும் சார்!" என்று அலறினார் லோடுமேன்.

"...பரசுராமன்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன். சங்கு சங்கிலியை இழுத்தார்.

அவருக்கு அன்றே மெமோ. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஊத்துக்கோட்டைலயும் இதே மாரி நின்னு சொல்லு. எ...எவனா இருந்தாலும் காத்துக்கினு இருக்கட்டும்" என்றார். (ஊத்துக்கோட்டைக்காரி இன்றுவரை நான் முடிக்கும் முன்பு குறுக்கே பேசியதில்லை, முடித்த பிறகுதான் திட்டுவாள்.)

வீட்டுக்கு வந்து டைரி எழுதும்போதுதான் உறைத்தது: கூட்டத்தில் அவர் முறை வரவேயில்லை. பதிவேட்டில் தினமும் அவர் பெயரைப் பார்க்கிறேன். அவர் வாயால் கேட்டதில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பாய்லர் அறைக்குப் போய் அவர் பெயரைக் கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.