என் சம்மதம் கேட்ட லப்டொப்

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் "ஓமா, இல்லையா?" என்று கேட்டது கிடையாது. திரைச்சீலை நீலமா பச்சையா, மகள் படிப்பது கொழும்பிலா பேராதனையிலா, இரவுக்குப் புட்டா இடியப்பமா, எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குத் தகவல் வரும். சில தகவல்கள் பக்கத்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வரும். ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை ஒரு லப்டொப் என் முகத்தைப் பார்த்து, மரியாதையாக, "யெஸ்? நோ?" என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

யெஸ் என்று அழுத்தினேன்.

மேலே இங்கிலீசில் நாலு வரி இருந்தது. அப்டேட் என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது; மிச்சத்தை நான் வாசிக்கவில்லை. கல்யாணப் பதிவில் கையெழுத்து வைத்தபோதும் நான் எதையும் வாசிக்கவில்லை.

திரை நீலமானது. பிறகு கறுப்பானது. இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. நிற்பாட்டிப் போட்டேன். கறுப்பு. தட்டிப் போட்டேன். கறுப்பு. பிள்ளையாரைக் கும்பிட்டுப் போட்டேன். கறுப்பு, வெள்ளைக் கோடு, கண் சிமிட்டல்.

நான் விவேகானந்தன். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதர். என் மேசைக்கு முன்னால் பதினாலு பேர் நடுங்குவார்கள். வீட்டில் அந்தப் பதினாலு பேருடைய நடுக்கத்தையும் நான் ஒருவனே நடுங்கிக் கொடுப்பேன். மனைவி கமலாசனி, கணக்கு ரீச்சர். பள்ளிக்கூடம் ஆவணி விடுமுறை என்றால் மார்க் போட அவளுக்கு நான் மட்டும்தான் மிச்சம்.

லப்டொப் அவளுடையது. கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதை என் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விரலை நீட்டிச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நாளைக்கு விடிய நான் கோயிலுக்குப் போறன். இதைத் தொடாதேங்கோ."

ஒரு ஆம்பிளையிடம் இப்படிச் சொல்லலாமா?

இனி, அதற்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எங்கள் ஊர் மானிப்பாயை விட்டு ஓடியபோது எங்கள் கல்யாண அல்பத்தை எடுக்க மறந்துவிட்டோம். எடுக்க மறந்தவன் நான்தான். சண்டை நின்றிருந்த காலத்தில் போய்ப் பார்த்தோம். கூரை இல்லாத வீட்டில், அலுமாரியின் அடித்தட்டில், கறையான் தின்று மிச்சம் வைத்த பத்தொன்பது படங்கள். அவற்றைக் கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து சிடியில் ஏற்றினோம். படங்கள் பிறகு தூளாகிவிட்டன. சிடியில் கண்டிக் குளிருக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்த லப்டொப்பில்தான். என் மாமனார் அந்த இடப்பெயர்வில் கைதடியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் கண்ணை மூடினவர். அவருடைய முகம் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடமும் அதுதான்.

கேற் சத்தம் கேட்டது. லப்டொப்பின் மேல் பேப்பரை வைத்தேன். பேப்பரின் மேல் முழங்கையை வைத்தேன்.

"ஏன் முகம் வெளிறிக் கிடக்கு?" என்றாள் கமலாசனி.

"பனி."

"ஒன்பது மணிக்கோ?"

"கண்டிப் பனி கமலா. அது மணிக்கூடு பாக்காது."

"லப்டொப்பைத் தொட்டனியளோ?"

"நானோ? சீச்சீ."

"நல்லது," என்று என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் மூளையைக் கசக்கினேன். ஞாயிறு இரவு சாப்பாட்டு மேசையில் திட்டத்தை அவிழ்த்தேன்.

"கமலா, நாளைக்கு எங்கட டிரெக்டர் ஒரு கூட்டத்தில கதைக்கிறாராம். படம் போட்டுக் காட்ட லப்டொப் இல்லையாம். மனுசன் பாவம். உன்ர லப்டொப்பைக் கொண்டுபோகட்டே?"

எங்கள் வீட்டிலிருந்து ஒரு குடை வெளியே போவதற்கே மூன்று விசாரணை நடக்கும். ஆனால் அவள் சொன்னாள்: "அதுக்கென்ன, கொண்டுபோங்கோ. வயரையும் மறக்காமல் கொண்டுபோங்கோ."

என் நடிப்பு என்னையே மயக்கிவிட்டது. இளமையில் நாடகத்துக்குப் போயிருக்கலாம் என்று படுக்கையில் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை. வன்னியில் சண்டை, கண்டியில் பெரஹரத் திருவிழா. ஊருக்குள் நுழையும் எல்லா வழியிலும் சோதனை. பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். ஆமிக்காரப் பெடியன் என் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடத்தை இரண்டு தரம் பார்த்தான். பையைத் திறந்தான்.

"ஒன் கரன்ன." போட்டுக் காட்டச் சொல்கிறான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லப்டொப் கொண்டுபோகிறவன் அங்கேயே அதைப் போட்டுக் காட்ட வேண்டும். அது லப்டொப்தான், வெடிக்கிற சாமான் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. இந்த இலங்கைத் தீவு முழுவதிலும், மானிப்பாயில் பிறந்து, வேலை செய்யாத லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு, பெரஹர நாளில் கண்டிக்குள் நுழைந்த ஒரே புத்திசாலி நான்தான்.

போட்டேன். கறுப்பு. வெள்ளைக் கோடு.

இரண்டாவது ஆமிக்காரன் வந்தான். பஸ்ஸில் வந்த சனம் இரண்டடி பின்னுக்குப் போனது. சந்தேகத்தில் ஏற்றினால் எப்போது இறக்கி விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். பத்துப் பன்னிரண்டு வருடம் சிங்களத்தில் கடிதம் எழுதின கை இது. ஆனால் வாயில் ஒரு சிங்களச் சொல் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"அப்டேட்..."

பெடியனுடைய முகம் மாறியது. "அப்டேட் கலாத?" என்று கேட்டான். செய்தேன் என்று தலையாட்டினேன். அவன் தன் கோப்ரலைக் கூப்பிட்டுக் காட்டினான். கோப்ரல் குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். முகாமில் இருக்கும் கம்பியூட்டரும் போன மாதம் இப்படித்தான் போனதாம். நாக்கால் "ச்சு" கொட்டினார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து மெல்லக் கேட்டார்.

"நோனா தன்னவாத?"

மனைவிக்குத் தெரியுமா என்று.

"நே," என்றேன். தெரியாது என்று.

அவரே லப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்துத் தந்தார். "யன்ன, யன்ன." போகச் சொல்லிவிட்டார். அவருக்கும் கல்யாணமாகியிருக்க வேண்டும்.

லப்டொப் திருத்துகிற முஹ்ஸினின் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. ஒரு கதிரை, ஒரு மேசை, நூறு வயர். முஹ்ஸின் லப்டொப்பைத் திருப்பி, வயிற்றைத் திறந்து பார்த்தான்.

"பிழைக்குமோ தம்பி?"

"லப்டொப் பொறகு பாப்பம் சேர். உள்ளுக்கு ஈக்கிற சாமான் தானே முக்கியம்? ஹாட் டிஸ்கக் கழட்டி வேற மெசின்ல கொழுவிப் பாக்கிறன். அல்லாஹ் லேசாக்கினா வியாழக்கிழமை வாங்க."

"உள்ளுக்குப் பத்தொன்பது படம் இருக்கு. மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை."

"யார்ட படம்?"

"என்ர மாமனார்."

முஹ்ஸின் என்னை நிமிர்ந்து பார்த்தான். மாமனாருக்காக இவ்வளவு வியர்க்கிற மருமகனை அவன் கண்டதில்லை போலும்.

அந்த மூன்று நாளையும் நான் எப்படிக் கடத்தினேன் என்று கேட்காதீர்கள். குற்றமுள்ள மனம் தேங்காய் துருவும். நான் மூன்று நாளும் துருவினேன். சட்டி பானை கழுவினேன். சிலந்தி வலை அடித்தேன். ஒழுகிய தண்ணீர்க் குழாய்க்கு வாசர் போட்டேன். கமலாசனி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி பார்த்தாள்.

"உங்கட டிரெக்டர் கதைச்சு முடிக்கேல்லையோ?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டாள்.

"நீண்ட தலைப்பு."

புதன்கிழமை: "மூண்டு நாளாக் கதைக்கிறாரே, தொண்டை கட்டாதே?"

"நடுவில சோடா குடுக்கிறம்."

"நல்ல மனுசன். என்னத்தைப் பற்றிக் கதைக்கிறார்?"

"நேர முகாமைத்துவம். நேரத்தை வீணாக்காமல் இருக்கிறது எப்பிடியெண்டு."

அவள் எழும்பி அவசரமாகக் குசினிக்குள் போனாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. பாவம், கண்டிப் பனி அவளுக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு ஓடினேன். முஹ்ஸின் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கெடச்சிச்சு சேர். லப்டொப்பும் எழும்பிட்டுது."

திரையில் மாமனார். மணவறைக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்து முறைத்தபடி. உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் பார்வைக்கு நான் எவ்வளவு பயந்தேன்! அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் நன்றாக முறையுங்கள் மாமா என்று சொல்லலாம் போலிருந்தது.

"சேர், ஒண்ணு கேக்கவா?" என்றான் முஹ்ஸின். "வெள்ளிக்கிழம பகல் நீங்க வீட்டிலயா?"

"கந்தோரிலை. ஏன்?"

"இதுல நேரம் எழுதி ஈக்குது பாருங்க. வெள்ளிக்கிழம பதினொண்டே காலுக்கு அப்டேட் தொடங்கி ஈக்குது. பாதியில யாரோ பயந்து வயரயும் பெட்டரியயும் கழட்டி ஈக்கிறாங்க. அப்பவே உசிர் போய் மௌத்து."

"அப்ப சனிக்கிழமை நான் அமத்தினது?"

"அது செத்த மையத்துக்கு ஊசி போட்ட மாதிரி சேர். 'முடியாத அப்டேட்டத் தொடரவா'ண்டு சும்மா கேட்டு ஈக்குது. யெஸ் செல்லி ஈந்தாலும் ஒண்ணுதான், நோ செல்லி ஈந்தாலும் ஒண்ணுதான்."

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் சம்மதத்தைக் கேட்டார்கள். அதையும் எல்லாம் முடிவான பிறகுதான் கேட்டிருக்கிறார்கள்!

ஆனால் கவலை ஒரு நிமிடம்தான். பிறகு சந்தோசம் பொங்கியது. வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு அந்த வீட்டில் இருந்தது யார்? விடுமுறையில் இருந்த கணக்கு ரீச்சர்! நேரம் எழுதியிருந்த பக்கத்தை அச்சடித்துத் தரச் சொன்னேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சோதனைச் சாவடியில் கேட்க முன்னமே லப்டொப்பைப் போட்டுக் காட்டினேன். பஸ்ஸில் முழு வழியும் பேச்சைப் பாடமாக்கினேன். தொடக்கம், நடு, முடிவு, முடிவில் ஒரு கேலிச் சிரிப்பு.

வீட்டில் முதலில் படங்களைத் திறந்து காட்டினேன். கமலாசனி கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். மாமனாரின் படம் வந்ததும் முந்தானையால் திரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் பேச்சின் தொடக்கம் எனக்கு மறந்துவிட்டது. ஆனாலும் விடுவேனா? தேத்தண்ணி குடித்துத் தெம்பு வந்ததும் கடதாசியை விரித்து மேசையில் போட்டேன்.

"இது என்ன?"

"வாசிச்சுப் பார். வெள்ளிக்கிழமை. பதினொண்டே கால். நான் கந்தோரிலை."

வாசித்தாள். கணக்கு ரீச்சர் அல்லவா, இரண்டு தரம் சரி பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.

"என்ன ஓம்?"

"நான்தான் அமத்தினனான். அது நிண்டு போச்சு. பயத்தில எல்லாத்தையும் கழட்டினனான். பிறகு உங்கட பேப்பருக்குப் பக்கத்தில வைச்சுப்போட்டுத் தொடாதேங்கோ எண்டு சொன்னனான்."

மறுப்பாள் என்று வைத்துத்தான் என் பேச்சின் நடுப்பகுதி முழுவதையும் கட்டியிருந்தேன். அதுவும் போயிற்று.

"ஏன் கமலா? என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் கொண்டுபோய்த் திருத்தியிருப்பன் தானே? ஆமிக்காரனுக்கு முன்னால நான் பட்ட பாடு தெரியுமே!"

ஆமிக்காரன் என்றதும் அவள் முகம் சுருங்கியது. "அது நான் யோசிக்கேல்லை. அது என்ர பிழைதான்," என்றாள். நான் மனதுக்குள் ஒரு மார்க் போட்டுக்கொண்டேன். அவள் தொடர்ந்தாள்.

"ஆனா மற்றதைக் கேளுங்கோ. நான் கெடுத்தனெண்டு சொல்லியிருந்தா, முதல்ல ஒரு கிழமை எனக்குப் பிரசங்கம். பிறகு கனடாவுக்கு ரெலிபோன் எடுத்துத் தம்பிக்குச் சொல்லிச் சிரிப்பியள். பிறகு பெரஹரச் சனம், மழை, கந்தோரில வேலை. எனக்கு அப்பான்ர முகம் வேணும், உடன வேணும். இந்த வீட்டில ஒரு அலுவல் கெதியா நடக்கவேணுமெண்டா அது உங்கட பிழையா இருக்கவேணும்."

"அநியாயம்!" என்று கத்தினேன். "நான் அப்பிடிப்பட்ட மனுசனோ?"

"சரி, பிள்ளையாரைக் கும்பிட்டுச் சொல்லுங்கோ. இப்ப ஆவணி. நான் கெடுத்ததெண்டு போன வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா, எப்ப திருத்திக்கொண்டு வந்திருப்பியள்?"

பிள்ளையார் சுவரில் இருந்து பார்த்தார். மாமனார் திரையில் இருந்து பார்த்தார்.

"தைப்பொங்கலுக்கு முதல்," என்றேன்.