வலக் கன்னத்தில் துண்டு

குறட்டு நாயனாவைப்போல் வாய் ஓயாத மனிதர் இந்த மைசூர்ச் சீமையில் அவருக்கு முன்னும் பிறந்ததில்லை, இனிமேலும் பிறக்கப்போவதில்லை. எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் யாருக்காவது தம் வீட்டுக் கல்யாணச் செய்தியை ஊரறியச் செய்ய வேண்டுமென்றால் வீடு வீடாக ஏறி இறங்க மாட்டார்கள். அவரிடம் போய், "நாய்னா, இது உங்க மனசோட இருக்கட்டும்" என்பார்கள். ஷிப்ட் முடிந்து ஆட்கள் சுரங்கத்தைவிட்டு மேலே வருவதற்குள், பெண்ணின் நட்சத்திரம் வரைக்கும் தொழிலாளர்கள் குடியிருந்த எல்லா லைன் வீடுகளுக்கும் தெரிந்துவிடும்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் அந்நாளில் சுரங்கத்தின் டைம் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் ஆள்கணக்கில்கூட அவர் 'குறடு' என்றுதான் இருந்தார். துளை போடும் இரும்புகளுக்குப் பட்டறையில் முனை தீட்டுவது அவருடைய வேலை, பல் பிடுங்குவது அவருடைய கீர்த்தி. பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன சாய்வு நாற்காலி, நெருப்பில் காட்டிக் கழுவிய குறடு, ஒரு கூடை பஞ்சு. இவ்வளவுதான் அவருடைய வைத்தியசாலை.

"யானைக்குப் பல்லு புடுங்குன கை இது" என்பார்.

"தந்தமா, நாய்னா?"

"தந்தம் எவன் வேணாலும் புடுங்குவான்டா. நான் புடுங்குனது கடவாப் பல்லு!"

யானைக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் துரையின் கடைவாய்ப் பல்லை அவர் பிடுங்கியது உண்மை. துரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். வலி நின்ற மகிழ்ச்சியில் துரை ஒரு வாக்குக் கொடுத்தார்: "நீயே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கு. அவனை ஆஸ்பத்திரியில் பல் பார்க்கும் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன்."

அவ்வளவுதான், நாயனாவின் கால் தரையில் நிற்கவில்லை. "வேலூர்லேந்து ரயிலேறி வருவாங்க பாரு, என்கிட்ட கத்துக்க! மெட்ராஸ்லேந்து வருவாங்க! கியூ ஸ்டேஷன் வரைக்கும் நிக்கும்!"

பாதாளத்தில் கல் உடைப்பவனுக்கு, வெயிலில் நின்று செய்கிற வேலை என்றாலே சொர்க்கம்தான். ஆனால் அந்தச் சொர்க்கத்தின் வாசலில் வரதன் மேஸ்திரி நின்றார். சுரங்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர் அவர். தம் ஆள் ஒருவன் வேறு வேலை தேடுகிறான் என்று காதில் விழுந்தாலே போதும், அவன் பெயரையும் அடித்துவிடுவார், வீட்டையும் பிடுங்கிக்கொள்வார். பம்ப் கொட்டகையில் வேலை கேட்ட ஒருவனுடைய சட்டி பானைகளும் பிள்ளைகளும் அன்று சாயங்காலமே தெருவில் கிடந்ததை லைன் முழுவதும் பார்த்தது. குறட்டு நாயனாவும் பார்த்தார்.

அதனால் அவர் ஒரு சட்டம் போட்டார். யார் வந்தார்கள் என்பதும் வெளியே போகாது, யாரைக் கழித்தோம் என்பதும் வெளியே போகாது. கற்க விரும்புகிறவன் பல் வலிக்காரனைப் போல வலக் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பரீட்சை நாற்காலியிலேயே நடக்கும். பிறகு பஞ்சு மாற்ற வருகிற சாக்கில் மறுபடியும் வர வேண்டும். அப்போது வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, முடிவைக் காதில் சொல்வார். சந்தோஷமானாலும் துக்கமானாலும் பஞ்சைத் தாண்டிச் சத்தம் வராது.

இந்தச் சட்டத்தைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மைத்துனன் கோவிந்தன் சிரிக்கவில்லை. சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கி அவன் இருமத் தொடங்கியிருந்தான். அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடுவாள்.

"அவரு வாயை நம்பியா போறே?" என்றேன்.

"அவரு வாயை நம்பல மாமா. என் நெஞ்சைத்தான் நம்ப முடியல" என்றான்.

போனோம். துணைக்கு நானும் போனேன். வரிசையில் கோவிந்தனுக்குப் பின்னால் வந்து நின்றவர் சாட்சாத் வரதன் மேஸ்திரி.

"இன்னாடா கோவிந்தா, நேத்து முறுக்கு கடிச்சிக்கினு இருந்தே?"

"அதுலதான் மேஸ்திரி, வலி வந்துட்ச்சி."

"அப்டியா? நானும் பாக்கறேன், இன்னா வலின்னு" என்று மேஸ்திரி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டார்.

நாயனா கோவிந்தனின் வலக் கன்னத்தைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி முன்னால் பரீட்சை கேட்க முடியாது. பல்லைத் தொடாமல் அனுப்பினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். கோவிந்தன் என்னைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான், வாயைத் திறந்தான். குறடு உள்ளே போய் வெளியே வந்தது. முல்லை மொட்டுப் போல ஒரு பல்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "இன்னா கொறடு, பல்லு முத்து மாதிரி கீது?"

"இது வேர்ப் பூச்சி மேஸ்திரி. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள அரிச்சிக்கினே போவும். ஜமீன் யானைக்கும் இதேதான். உங்களுக்குக்கூடக் கன்னம் லேசா உப்பிக்கினு கீதே? குந்துங்க, பாத்துடலாம்."

மேஸ்திரிக்கு அந்த நிமிஷமே சுரங்க ஷாஃப்டில் அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அவர் போன பிறகு, ரத்தம் ஒழுகும் வாயோடு கோவிந்தன் தலையாட்டித் தலையாட்டிப் பரீட்சை எழுதினான்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மனிதர்களுக்கு உண்மையாகவே வலப் பக்கத்திலும் பல் வலிக்கும் என்பதை நாயனா யோசிக்கவில்லை. அந்தோணி என்றொருவன், வலி தாங்காமல் வலக் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறான். பிற்பாடு அவனே என்னிடம் சொன்னான்:

"ரத்தம் பாத்தா மயக்கம் வருமான்னு கேட்டாரு, அண்ணே. பெரிய பல்லு போல கீதுன்னு நெனச்சேன். கை நடுங்குமான்னாரு. என் பல்லைப் புடுங்க என் கை எதுக்குன்னு எனக்குப் புரியல. இங்கிலீசு கொஞ்சம் வருமான்னாரு. அப்பதான் நெஜமாவே பயம் வந்துட்ச்சி."

வலியில் அவன் எல்லாவற்றுக்கும் முனகியதோடு சரி. வளவளவென்று பேசாமல் எவ்வளவு அடக்கமாகப் பதில் சொல்கிறான் என்று நாயனா உருகிப்போனார்.

பஞ்சு மாற்றும் நாள் வந்தது. கோவிந்தன் உள்ளே போனான். வெளியே வந்தபோது கன்னம் வீங்க வீங்கப் பஞ்சு, கண்ணில் நீர். அவனைக் கழித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாசலில் உளவு பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்குப் புரியவில்லை. "பாவம்டா, ரொம்ப வலிக்குதா? இன்னிக்கு ஷிப்டுக்கு வராதே, போ" என்றார். அவர் யாருக்காவது இரங்கி நான் பார்த்தது அது ஒன்றுதான். சற்றுப் பின்னால் அந்தோணி வந்தான். அவன் கண்ணிலும் நீர். இரண்டு கண்ணீரையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் எது எதற்கென்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தோணி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம் மேஸ்திரி பட்டறை வாசலில் வந்து நின்றார். பின்னால் பாதி லைன் கூடிவிட்டது.

"யோவ் கொறடு, அந்தோணியோட யார் யார் உன்கிட்ட வந்தாங்க? எல்லார் பேரும் எனக்கு வேணும். இப்பவே சொல்லு."

கோவிந்தனின் கை என் முழங்கையை இறுக்கியது. என் மனைவி கோவிந்தன் வீட்டுச் சட்டி பானைகளைத் தெருவில் பார்த்துவிட்டவள் போல நின்றாள். நாயனா வாயைத் திறந்தார். அந்த வாய் திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வராமல் மூடியதாகச் சரித்திரமே இல்லை.

"யாரு வந்தாங்க? ஒருத்தன்கூட வர்ல, மேஸ்திரி."

"அப்ப அந்தோணி?"

"பல்லு வலின்னு வந்தான். ஆளே இல்லியேன்னு அவனைப் புடிச்சி வெச்சிக்கினேன். வேணும்னா கேட்டுப் பாருங்க."

"மாதா மேல ஆணை மேஸ்திரி! எனக்கு வலிதான் போவணும், வேலை கேக்கவேல்ல. இன்னும் ஒண்ணுமே புரியல!" என்றான் அந்தோணி, நெஞ்சில் கைவைத்து. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

"இன்னா நாய்னா, வேலூர் ரயிலு லேட்டா?"

"மெட்ராஸ்காரனுங்க வழி தப்பிட்டானுங்க போல!"

"உன் வித்தையக் கத்துக்க ஒரு நாய்கூட வர்லியாய்யா?" என்றார் மேஸ்திரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"வர்ல" என்றார் நாயனா.

ஒரே ஒரு சொல். அதன் பின்னால் யானையும் வரவில்லை, ஜமீனும் வரவில்லை. குனிந்து ஒரு இரும்பை எடுத்து முனை தீட்டத் தொடங்கினார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அந்தச் சிரிப்போடு மேஸ்திரியும் போய்விட்டார். யாருடைய சட்டி பானையும் தெருவுக்கு வரவில்லை.

மறுநாள் கோவிந்தன் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் அவரிடம் போனான். நானும் கூட இருந்தேன்.

"நாய்னா, நீங்க மட்டும் நேத்து..."

"யாருப்பா நீ?" என்றார்.

"கோவிந்தன், நாய்னா. வலது பக்கம்..."

"தினம் எத்தினி வாய் பாக்கறேன். எவன் எந்தப் பக்கம்னு எனக்கு எப்டி ஞாபகம் இருக்கும்? வலிச்சா வா. வலிக்கலன்னா போ, வேலை கீது." பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் யாராவது கிண்டலுக்கு இழுத்தால் அவர் யானைக் கதை சொல்வார், துரை கதை சொல்வார். இந்தக் கதையை மட்டும் சொன்னதில்லை. கோவிந்தனைத் தவிர இன்னும் எத்தனை பேர் போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வரதன் மேஸ்திரி ஊரைவிட்டுப் போன பிறகு கோவிந்தன் ரயில் ஸ்டேஷனில் வேலை தேடிக்கொண்டான். இருமலும் குறைந்தது. அவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாயனா இப்போது இல்லை. பழைய ஆட்கள் என் வீட்டுக்கு வந்தால் பேச்சு எப்படியாவது அவரிடம் போய்விடும். சுத்தப் புளுகன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னவருக்கு என் மனைவி இரண்டாவது தம்ளர் மோர் ஊற்றுவதில்லை. நானும் ஊற்றச் சொல்வதில்லை.