பதினொரு நீல முகங்கள்

இடது இறக்கையை விட வலது இறக்கை அரை விரல் பெரிதாகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். பெயிண்டரால் முடியவில்லை. பதினெட்டு வருஷமாகக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் அவர். இடது கதவுக்கும் வலது கதவுக்கும் இம்மி வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இப்போது அவர் எதிரே ஸ்டூலில் இருந்தது கார் இல்லை. இன்றைக்கு ஏழு வயது நிறைகிற ஒரு சிறுமியின் முகம்.

"ஆடாம இரும்மா. இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இழுத்து விட்டா சரியாப் போயிடும்."

சிறுமி ஆடவில்லை. பதிலும் சொல்லவில்லை. அவரிடம் அவள் பேசுவதே இல்லை.

அவளை எல்லோரும் மிளகு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் சின்னது, காரம் அதிகம். அவள் பிறந்த வருஷமே அவளைப் பெற்றவர் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். அம்மா ஒரு மருந்துக்கடை வைத்து ஒற்றை ஆளாக வளர்த்தாள். எட்டு மாதத்துக்கு முன் அவள் காரை யாரோ கீறிவிட்டுப் போக, அதைச் சரி செய்யப் பெயிண்டரிடம் வந்தாள். கீறல் போய்விட்டது. பெயிண்டர் போகவில்லை. நாற்பத்திரண்டு வயதில், கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டாலே காது சிவக்கிற மனிதர், ஒருநாள் மருந்துக்கடையில் நின்று தலைவலி மாத்திரை கேட்பதற்குப் பதிலாக அதைக் கேட்டுவிட்டார்.

"எனக்குச் சம்மதம்தான். ஆனா மிளகு மனசார ஒத்துக்கணும். அவ ஒத்துக்கலைன்னா இதை இத்தோட விட்டுடலாம். நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்றாள் அம்மா.

மிளகு ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவரை என்னவென்று கூப்பிடுவது என்கிற பிரச்சினையைக் கூப்பிடாமலே தீர்த்துவைத்தாள். அவர் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாலும், "அம்மா, அந்தத் தண்ணி பாட்டிலை அவங்களை இப்படித் தரச் சொல்லு" என்பாள். அம்மா சொல்லும்வரை அவரும் காத்திருந்து எடுத்துக் கொடுப்பார். எட்டு மாதமாக இப்படியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறந்தநாளுக்கு வருகிற குழந்தைகளுக்கு முகத்தில் பட்டாம்பூச்சி வரைய ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது என்று அவள் மத்தியானம் போன் செய்தாள். வண்ணப் பெட்டியை மட்டும் ஆள் மூலம் அனுப்பி வைத்தாள். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது பெயிண்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நான் போடறேன். நானும் பெயிண்டர்தானே?" என்றார்.

"மாமா, காருக்கு மூக்கு கிடையாது" என்று எச்சரித்தாள் மிளகின் சித்தி. எதுவும் முடிவாவதற்கு முன்பே அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அவர் பொறுத்துக்கொள்வார்.

இழுத்து விட்டதில் இடது இறக்கை வலதை விடப் பெரிதாயிற்று. வலதை இழுத்தார். அது காதைத் தொட்டது. இடதையும் காதுவரை கொண்டுபோனார். அது போகிற வழியில் தாடையிலும் கொஞ்சம் இறங்கியது. அதற்கு ஈடாக வலது தாடை. கால் மணி நேரத்தில் பட்டாம்பூச்சி மேற்கொண்டு வளர முகத்தில் இடம் இல்லாமல் போயிற்று.

சித்தி பலூனை ஊதிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். ஊதுவதை நிறுத்தினாள்.

"என்ன மாமா போட்டிருக்கீங்க?"

"பட்டாம்பூச்சி."

"அப்படியா? நான் டேபிள் ஃபேன்னு நினைச்சேன்."

"சித்தி, கண்ணாடி குடு" என்றாள் மிளகு.

பெயிண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இரு, இரு, இன்னும் முடியலை" என்று ஈரத் துணியை எடுத்து இரண்டு ஓரங்களையும் அவசரமாகத் துடைத்தார். நீலமும் கறுப்பும் ஆரஞ்சும் ஒன்றாகக் கலந்து முகம் முழுக்கச் சேற்று நிறமாகிவிட்டது. கழுவி எடுக்கலாம் என்றால் குழந்தைகள் வருகிற நேரம்.

அவர் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒட்டுப் போட்டுச் சரிவரவில்லை என்றால் முழுசாக ஒரு கோட் அடித்துவிடுவது. நெற்றியிலிருந்து தாடைவரை நீலம் அடித்தார். அதன் மேல், மூக்கை நடுவாக வைத்து, கறுப்பில் இரண்டு இறக்கைகள். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டும் சமம். அப்பாடா என்றிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. பத்துக் குழந்தைகளும் மொத்தமாக வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தது ஒரு வாயாடி.

"ஐயையோ! மூஞ்சி ஏன் இப்படி நீலமா இருக்கு?" என்று அது கேட்டதும் மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை, குழந்தைச் சிரிப்புதான். ஆனால் பதிலுக்குப் பதில் கொடுக்கிற மிளகு தலையைக் குனிந்துகொண்டாள்.

தன்னைப் பிடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, தன்னால் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பெயிண்டரால் பார்க்க முடியவில்லை.

காரில் ஒரு கதவுக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்தால், நிறத்தை எத்தனை கச்சிதமாகக் கலந்திருந்தாலும் அது தனியாகத் தெரியும். அதனால் பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் இழுத்து அடித்துவிடுவார்கள். எது புதுசு, எது பழசு என்று பார்க்கிற கண்ணுக்குப் பிடிபடாது. பதினெட்டு வருஷத்தில் இந்த உபாயம் அவரை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க! எல்லாருக்கும் இதே பட்டாம்பூச்சிதான்!" என்றார்.

கீழே நின்ற தன் வேனிலிருந்து பட்டறைச் சாமான்களைக் கொண்டுவந்தார். பெயிண்ட் அடிப்பதற்கு முன் கண்ணாடியையும் விளக்கையும் மூடுகிற அகலமான காகிதச் சுருள், ஒட்டுநாடா, தலையில் தூசு படாமல் மாட்டிக்கொள்ளும் வெள்ளைத் தொப்பிகள். நல்ல உடுப்பில் கறை படக் கூடாது அல்லவா? ஒவ்வொரு குழந்தையையும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை காகிதத்தில் சுற்றினார். முடியைத் தொப்பிக்குள் தள்ளினார். மிளகுக்கும் அதையே செய்தார்.

"காயற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. பேசினா வெடிப்பு விட்டுடும். யார் பேசறாங்களோ அவங்க அவுட்டு!"

விளையாட்டு என்றதும் வாயாடிகூட உதட்டை இறுக்கிக்கொண்டது. பெயிண்டரின் கைக்கு வேகம் வந்துவிட்டது. முதலில் எல்லாருக்கும் நீலம், பிறகு எல்லாருக்கும் கறுப்பு. முக்கால் மணி நேரத்தில் பத்து முகங்களும் முடிந்தன. பழையதும் புதியதுமாகப் பதினொன்று, அச்சில் வார்த்த மாதிரி. குழந்தைகள் ஒன்றையொன்று பார்த்துச் சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தன, இடம் மாறி மாறிக் குதித்தன. இனி யாரும் தனியாகத் தெரியவில்லை. பெயிண்டர் கையைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அம்மா மெழுகுவத்தி ஏற்றிய கேக்கோடு சமையலறையிலிருந்து வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மிளகு எங்கே?"

"இங்கேதான் இருக்கா" என்றார் பெயிண்டர்.

"அதான், எங்கே?"

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். பதினொரு வெள்ளைத் தொப்பிகளுக்குக் கீழே பதினொரு நீல முகங்கள். தான் என்ன காரியம் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மிளகு, கையைத் தூக்குடா கண்ணு" என்றாள் அம்மா.

காகிதம் சரசரக்கப் பதினொரு கைகள் உயர்ந்தன.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் பெயிண்டர். "மிளகு இல்லாதவங்க எல்லாம் கையைத் தூக்குங்க!"

மறுபடியும் பதினொன்று.

"நல்ல வழி மாமா" என்றாள் சித்தி.

"தொப்பியைக் கழட்டிப் பாத்துடறேன்" என்று அம்மா நகர்ந்தாள்.

"ஐயோ, வேண்டாங்க. இன்னும் காயலை. இப்போ கழட்டினா இழுத்துடும். அஞ்சே நிமிஷம்."

மெழுகு அஞ்சு நிமிஷம் காத்திருக்குமா? கேக்கில் வழிய ஆரம்பித்தது. "எல்லாரும் சேர்ந்து ஊதிடுங்க!" என்று பெயிண்டரே தீர்ப்புச் சொன்னார். பதினொரு வாய்களும் ஒரே மூச்சில் ஊதின. சுடர் அணைந்தது. காயாத உதடுகளிலிருந்து தெறித்த நீலம் வெள்ளைக் கேக் முழுவதும் புள்ளி புள்ளியாக உட்கார்ந்தது.

அம்மா போட்டோ எடுத்தாள். எடுத்த படத்தைப் பெரிசு பண்ணி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தாள்.

"என் பொண்ணோட ஏழாவது பிறந்தநாள்" என்றாள் மெதுவாக. "இதுல எது என் பொண்ணுன்னு எனக்கே தெரியலைங்க."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

அதற்குள் பெற்றவர்கள் அழைத்துப்போக வந்துவிட்டார்கள். காய்ந்துவிட்டது என்று பெயிண்டர் அறிவிக்க, அத்தனை வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன. கூடத்தில் காது கொடுக்க முடியவில்லை. ஒரு அம்மா மூன்று குழந்தைகளைப் பிரித்துப் பார்த்து நாலாவதாகத் தன்னுடையதைக் கண்டுபிடித்தாள். இன்னொருத்தி விழுந்த பல்லை வைத்து அடையாளம் கண்டாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு அப்பா வந்தார், ஒரு கையைப் பிடித்தார், பேசிக்கொண்டே போய்விட்டார். ஒரு தாத்தா கைத்தடியோடு வாசலில் நின்று, "எதையாவது ஒண்ணை அனுப்புங்க, வீட்டுல போய்க் கழுவிப் பாத்துக்கறோம்" என்றார்.

"இது போகுமா? நாளைக்கு ஸ்கூல் இருக்குங்க" என்று ஒருத்தி கேட்டாள்.

"சோப்புத் தண்ணியில போயிடுங்க" என்றார் பெயிண்டர்.

"எத்தனை சோப்பு?"

அம்மா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தெருவரை இறங்கிப் போனாள். நீலம் படிந்த தரைவிரிப்பைத் தேய்க்க, சித்தி அதைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். கூடம் காலியாகிவிட்டது. சோபாவின் ஓரத்தில் ஒரே ஒரு காகிதப் பொட்டலம் மட்டும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. பதினொன்றில் பத்துப் போய்விட்டது. மிச்சம் வீட்டுக்குச் சொந்தமானது.

"வாம்மா, கழுவிடலாம்" என்றார் பெயிண்டர்.

அது எழுந்து பேசாமல் பின்னால் வந்தது. பேசாததில் அவருக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை, எட்டு மாதப் பழக்கம். குளியலறையில் முக்காலியில் ஏற்றி நிறுத்தி, கையில் சோப்பைக் குழைத்து முகம் முழுக்கப் பூசினார்.

"கண்ணை இறுக்கி மூடிக்கோ. வாயையும் மூடிக்கோ."

மூடிக்கொண்டது. நுரை வெள்ளையாக வந்து நீலமாக மாறியது. குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. குழாயைப் பார்த்தபடியே பேசினார்.

"உன் பிறந்தநாளை நான் கெடுத்துட்டேன். எனக்குத் தெரியும்மா. அவங்க சிரிச்சப்போ நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே பாரு, அதை என்னால தாங்க முடியலை. உன்னை மட்டும் யாரும் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் அடிச்சேன். அது இப்படி வந்து நிக்கும்னு நினைக்கலை."

நுரைக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"என்னை நீ எதுவும் கூப்பிட வேண்டாம். பிடிக்கணும்னு கட்டாயமும் இல்லை. ஆனா ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லிடு. இந்த வீட்டுக்கு நான் வர்றது உனக்கு வேண்டாம்னா, தலையை மட்டும் ஆட்டிடு. அம்மாகிட்ட நானே பேசிக்கறேன். உன் மேல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

சோப்பு நுரைக்குள் அந்தத் தலை இடதும் வலதுமாக வேகமாக ஆடியது. நீல நுரை சுவரெல்லாம் தெறித்தது.

பெயிண்டரின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சரிம்மா" என்றார். "சரி. புரிஞ்சுது. கண்ணு எரியப் போகுது, இரு."

குவளையில் தண்ணீர் மொண்டு மெதுவாக ஊற்றினார். நெற்றி தெரிந்தது. கன்னம் தெரிந்தது. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டுக் கடைசியில் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்கு இன்று சாயங்காலம் அவர் பெயிண்ட் அடித்திருக்கிறார். அதற்கு முன்னால் அதைப் பார்த்ததே இல்லை.

முன்னால் இரண்டு பல் இல்லாத ஒரு சிறுமி பலமாக இரண்டு தும்மல் போட்டாள்.

"மூக்குக்குள்ள சோப்பு போயிடுச்சு அங்கிள், அதான் தலையை ஆட்டினேன். நான் மிளகு இல்லை, மூஞ்சி கழுவற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு மிளகுதான் சொன்னா. எங்கப்பா போன் பேசிக்கிட்டே வந்தாரா, அவதான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்குப் போயிட்டா. அங்க எல்லாருக்கும் மூஞ்சியைக் காட்டணுமாம், 'இது எங்க அப்பா போட்டது'ன்னு."