இரண்டு மணி ரகசியம்

ரகசியம் காக்கத் தெரியாதவனை மனிதர்கள் மன்னித்துவிடுவார்கள். டிரான்ஸ்பார்மர் மன்னிக்காது.

சோழவந்தான் பக்கம் எங்கள் குத்தகை வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே டிரான்ஸ்பார்மர். எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடினால் தாங்காது. ஆனாலும் யாரும் முறை வைத்துக்கொண்டதில்லை. மோட்டார் முனக ஆரம்பித்தால் ஒருவர் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். அவர் திரும்பி வந்தால் இன்னொருவர் கிளம்புவார். எப்படியோ எல்லாருக்கும் தண்ணீர் பாய்ந்தது.

வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போன எனக்கு இந்த ‘எப்படியோ’ பிடிக்கவில்லை. (புள்ளியியல் படித்த திமிர்.) கோடை விடுமுறையில் வோல்டேஜைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: மத்தியானம் இரண்டு மணிக்கு ஊரே சாப்பிட்டுப் படுத்துவிடுகிறது. அப்போது மோட்டாரைப் போட்டால் தண்ணீர் பீச்சியடிக்கும்.

அப்பா அப்படியே செய்தார். எங்கள் கொடிக்கால் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. பெரிய மாமா வந்துவிட்டார்.

“மாப்ள, என்ன மாயம்டா பண்ற?”

தாய்மாமனிடம் மறைக்க முடியுமா? “ஒங்களுக்கு மட்டும் சொல்றேன் மாமா...”

அடுத்து சித்தப்பா. அவருக்கும் மட்டும்தான் சொன்னேன். பிறகு பங்காளி அண்ணன். அவருக்கும் மட்டும்தான். (எங்கள் பக்கம் தோட்டக்காரர் எல்லாருமே ஏதோ ஒரு முறையில் சொந்தம்.)

ஒருநாள் இரண்டு மணிக்கு வரப்பெல்லாம் திருவிழாக் கூட்டம்.

“என்ன மச்சான், தூங்கலையா?” என்றார் சித்தப்பா.

“ஆட்டைத் தேடி வந்தேன்” என்றார் மாமா.

“ஒனக்கு ஏதுய்யா ஆடு?”

பதில் வருவதற்குள் கம்பத்தில் ‘டமார்’. ஒரே புகை. மாமா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“எம்புட்டுப் பேருகிட்டடா ‘ஒங்களுக்கு மட்டும்’னு சொன்ன?”

மாற்று டிரான்ஸ்பார்மர் வருவதற்குள் கத்திரி வெயில் முந்திக்கொண்டது. அப்பா குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். நானும் சுமந்தேன். கொடிகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தன. புதிதாக நட்டு, பறிப்பு வரும்வரை காத்திருக்க எங்களுக்கு வசதியில்லை. இப்போது அப்பா திருநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேன்.

போன தை மாதம் என் நிச்சயதார்த்தம். தட்டைப் பார்த்த பெண்ணின் தாய்மாமன் கேட்டார்: “ஒங்க கொடிக்கால் வெத்தலைங்களா?”

“இல்லீங்க” என்றார் அப்பா. “மகனைப் படிக்க வச்சுட்டேன்.”

கூடமே சிரித்தது. அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் வெற்றிலைத் தட்டு வந்தால் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒரு வெற்றிலையை எடுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தட்டிலேயே வைத்துவிடுவார்.