பிராரப்தம் அண்ணனின் குடை

மதுரை ஜில்லாவில் குடையைத் தலைக்கு மேல் பிடிக்காமல் மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்த ஒரே மனிதர் எங்கள் பிராரப்தம் அண்ணன்தான். சந்தேகம் உள்ளவர்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் திருநகரில் குடியிருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். தலை அதுபாட்டுக்குக் காயும். குடை மட்டும் கேடயம் மாதிரி முகத்துக்கு முன்னால் விரிந்திருக்கும். எதிரே வருவது தெரியாமல் எருமை மேல் போய் முட்டுவார். முட்டியதோடு விடாமல் அந்த எருமையிடம் மன்னிப்பும் கேட்பார். கேட்காவிட்டால் அது ஒரு வினையாகிப் பின்னாலேயே வந்துவிடுமாம். எருமை அதைக் கண்டுகொள்ளாமல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

அவர், நான், துளசிராம் ஆகிய மூன்று பேரும் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தோம். திருநகரில் ஒரு மாடி அறையில் சேர்ந்து குடியிருந்தோம். துளசிராம் சௌராஷ்டிரப் பையன். டவுனுக்குள் சொந்த வீடே உண்டு. ஆனால் வீட்டில் தறி போட்டது போக மிச்சமிருந்த இடத்தில் அவனை நிற்கவைத்துத்தான் தூங்கவைக்க முடியும். அதனால் எங்களோடு வந்துவிட்டான். பிராரப்தம் என்று அண்ணனுக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான். நிஜப் பெயர் என்னவென்று சட்டென்று கேட்டால் நானே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அண்ணன் யாரிடமோ யோகம் படித்தவர். விடிந்ததும் மொட்டை மாடியில் தலைகீழாக நிற்பார். நின்றபடியே எங்களுக்கு யோக சாஸ்திரம் நடத்துவார். நாம் செய்கிற ஒவ்வொரு காரியமும் மனசுக்குள் விதையாக விழுகிறது. அந்த மொத்தக் குவியல் சஞ்சிதம். அதில் முளைத்து இன்றைக்கு நம் தலையில் விடிவது பிராரப்தம். இன்றைக்கு நாம் புதிதாகப் போடுகிற விதை ஆகாமியம். யோகம் செய்து அந்த விதைகளை வறுத்துவிட்டால் அப்புறம் அவை முளைக்காது. இதை விளக்க ஒரு பொட்டலம் வறுத்த கடலையைக் கையோடு வைத்திருப்பார்.

"இந்தக் கடலைய மண்ணுல போட்டா மொளைக்குமா?"

"மொளைக்காதுண்ணே" என்பான் துளசிராம். "வாயில போட்டா தீந்துரும்."

பாடம் முடிவதற்குள் பொட்டலம் தீர்ந்திருக்கும்.

பாடத்தோடு நிறுத்தியிருந்தால் தெருவில் யாருக்கும் தொல்லையில்லை. மனிதர் விசாரணையும் நடத்துவார். யாருக்கு என்ன கெட்டது நடந்தாலும் அதற்குக் காரணமான வினையைக் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை திருப்பரங்குன்றம் கோயில் வாசலில் துளசிராமின் புதுச் செருப்பு காணாமல் போனது. வெறுங்காலோடு திரும்பி வந்தவனை அண்ணன் தலைகீழாக நின்றபடியே மடக்கினார். துளசிராம் அவர் முகத்தைப் பார்க்கத் தரையில் குந்தி, தலையைச் சாய்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

"நேத்து என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே."

"முந்தாநாள்?"

"மில்லுக்குப் போனேன், வந்தேன், தூங்குனேன்."

"கக்கூசுக்கு யார் செருப்பப் போட்டுட்டுப் போன?"

துளசிராம் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். அண்ணன் திருப்தியோடு காலைக் கீழே இறக்கினார்.

பால்காரரையும் இப்படித்தான் ஒருநாள் விசாரித்தார். அவர் சைக்கிள் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்று தெரியாத்தனமாகப் புலம்பிவிட்டார். பாலில் எவ்வளவு தண்ணீர் கலக்கிறார் என்பதில் தொடங்கிய விசாரணை, அவர் சின்ன வயதில் ஓணானை அடித்தது வரை போனது. ஒரு வாரம் பால் கெட்டியாக வந்தது. அதற்கப்புறம் பால்காரரே வரவில்லை. வேறு தெருவுக்கு மாறிவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, கெட்டதுக்கு மட்டும்தான் காரணம் இருக்கா? நல்லது நடந்தா அதுக்குக் காரணம் கெடையாதா?"

"அதுக்கும் இருக்குடா மாப்ள. தேடுனா அதையும் கண்டுபிடிச்சிரலாம். ஆனா நல்லது நடந்துச்சுன்னு இந்த மாடிப்படி ஏறி எவன் வந்து கேட்டான், சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன். எவனும் வந்ததில்லைதான்.

குடை விவகாரத்துக்கு வருகிறேன். குடை மட்டும் இல்லை, தண்ணீர் என்றாலே அவருக்கு நடுக்கம். எல்லாரும் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தால் அவர் கரண்டியில் மோந்து குடிப்பார். குழாயைத் திறந்துவிட்டு எட்டிக் குதிப்பார். குளிக்கும்போது வாயை இறுக்கித் துண்டால் கட்டிக்கொள்வார். குடிவந்த முதல் நாள் அந்தக் கோலத்தில் அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த துளசிராம் திருடன் திருடன் என்று கத்தி, கீழ்வீட்டுக்காரர் உலக்கையோடு ஏறி வந்துவிட்டார்.

ரகசியம் ஒரு சித்திரைத் திருவிழாவின்போதுதான் வெளியே வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூப்பிட்டோம். ஊரே கிளம்பியிருந்தது. அண்ணன் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றார். நாங்கள் விடவில்லை. கடைசியில் குடைக்குப் பின்னால் இருந்தபடி சொன்னார்.

வாலிப வயதில் அவரும் அழகருக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, வேஷம் கட்டி, ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சியவர். அந்தப் பையை அக்குளில் இடுக்கி ஓர் அமுக்கு அமுக்கினால் தண்ணீர் அம்பாகப் பாயும். கூட்டத்தின் மேல் தூறலாக விழும்படி மேலே பார்த்துத்தான் பீய்ச்ச வேண்டும். இவர் உற்சாகத்தில் நேராகப் பீய்ச்சிவிட்டார். எதிரே ஒருவர் கோவிந்தா என்று முழு வாயையும் திறந்திருந்தார்.

"உள்ள போன தண்ணி, பல் செட்டோட வெளிய வந்துச்சுடா" என்றார் அண்ணன். "பறந்து போயி பந்தல்ல இருந்த பானகப் பானைக்குள்ள விழுந்துருச்சு. அந்த மனுசன் வாயப் பொத்திக்கிட்டு நின்னாரு. நான் ஓடியாந்துட்டேன்."

"பானகம்?" என்றான் துளசிராம்.

"மோந்து மோந்து ஊத்திக்கிட்டேதான் இருந்தாக."

அன்றிலிருந்து அவர் காத்துக்கொண்டிருக்கிறார். எங்கிருந்தோ ஒருநாள் தண்ணீர் நேராக முகத்துக்கு வரும், பல்லும் போகும். செய்தது செய்ததுதான், ஆனால் இன்னும் வராத துன்பத்தைத் தடுத்துக்கொள்ளச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அவர் கற்ற யோகத்தின் சாரம் முழுவதும் கடைசியில் ஒரு குடையாக வந்து நின்றது. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் இதைச் சொல்லியே கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டார். தனக்கு வரவேண்டிய வினை ஒன்று பாக்கியிருக்கிறது, தெரிந்தே உங்கள் பெண்ணை அதில் இழுத்துவிட மனசில்லை என்பார். எந்த அப்பன் பெண் கொடுப்பான்? வயசு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கமலா டீச்சர் வந்தார். திருநகரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். வீடு கே.கே. நகரில். ஒரு மாலை பஸ் ஸ்டாப்பில் திடீரென்று மழை கொட்டியது. டீச்சரிடம் குடை இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மழையில் நின்றார். நானும் துளசிராமும் டீக்கடையிலிருந்து பார்த்தோம். அந்தக் குடையை அவர் எங்களுக்கு ஒருநாளும் தொடக்கூடக் கொடுத்ததில்லை. மனிதர் விழுந்துவிட்டார் என்று எங்களுக்குப் புரிந்துபோனது.

டீச்சருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். வீட்டில் வந்து பேசச் சொன்னார். அண்ணனுக்குப் பெற்றவர்கள் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்று நானும் துளசிராமும்தான் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் கெஞ்சினோம்.

"அண்ணே, இந்தத் தடவ மட்டும் வினை கினைன்னு வாயத் தொறக்காதீங்க. டீச்சர் மாதிரிப் பொண்ணு இனி கெடைக்காது."

"தொறக்கலடா. எனக்கும் ஆசை இருக்காதா?" என்றார். குடையை முகத்தோடு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

டீச்சருடைய அப்பா மாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அண்ணனை அவருக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. கூடத்துக்குள் விரித்த குடையைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் பேசும்போதெல்லாம் வாய்க்குள் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

"நீங்க சாப்புடுங்க தம்பி. எனக்கு ஆகாது. பொகையிலப் பழக்கத்துல சின்ன வயசுலயே பல்லெல்லாம் போச்சு. மொதல்ல கட்டுன செட்டு அம்புட்டு ஜோரா இருந்துச்சு. சித்திரைத் திருவிழாவுல எவனோ ஒரு பய மூஞ்சியில தண்ணியப் பீச்சி, பானகப் பானைக்குள்ள தள்ளிப்புட்டான். தேடிப் பாத்தேன், கெடைக்கல. இந்த ரெண்டாவது செட்டு இன்னைக்கு வரைக்கும் ஒக்காரல. முறுக்குத் தின்னு எத்தன வருசமாச்சு. அவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

துளசிராம் அண்ணனின் காலை ஓங்கி மிதித்தான். நான் மறு காலை மிதித்தேன். அண்ணன் கடித்துக்கொண்டிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார். குடையை மடக்கினார். எழுந்து நின்றார்.

"அது நான்தாங்கய்யா."

டக் டக் சத்தம் நின்றுவிட்டது. பெரியவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்.

"கமலா, ஒரு செம்புல தண்ணி கொண்டா."

டீச்சர் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெரியவர் செம்பைத் தூக்கினார். அண்ணன் கண்ணை மூடி, வாயை முழுசாகத் திறந்தார். போச்சு, பல்லும் போச்சு, பொண்ணும் போச்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியவர் என்ன நினைத்தாரோ, செம்பைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஊத்த மாட்டேன். என்னைக்கு ஊத்துவேனோன்னு நெனச்சு நெனச்சுக் கெட."

"ஐயா, ஊத்திருங்கய்யா" என்று அண்ணன் கும்பிட்டார். "என்னால இனி காத்திருக்க முடியாது."

"முடியாதுன்னா முடியாது."

டீச்சர் செம்பை எடுத்தார். பெரியவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் பளாரென்று அண்ணன் முகத்தில் வீசினார். மூக்கு, வாய், சட்டை எல்லாம் தண்ணீர். முறுக்குத் தட்டும் மிதந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் டீச்சர். "இம்புட்டுத்தான். இனிமே அந்தக் குடைய மூலையில வைங்க."

அண்ணன் நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. சொட்டச் சொட்ட நின்றுகொண்டு சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் வாயைத் திறந்து சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அதைப் பார்த்துப் பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் ரெண்டாவது செட்டு கழன்று அவருடைய காபி டம்ளருக்குள் விழுந்தது.

அண்ணன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்து என்ன பண்ணுனீங்க?"

தொலைந்தோம் என்று நான் வாசலைப் பார்த்தேன். பெரியவர் பல்லை எடுத்து, உதறி, மாட்டிக்கொண்டார்.

"கமலா, மாப்ளைக்கு ஒரு துண்டு குடும்மா. சளி புடிக்கப் போகுது."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறு சித்திரையில் மாமனாரும் மருமகனும் வைகைக் கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, முழு வாயையும் திறந்து கோவிந்தா போட்டதை நானே பார்த்தேன். மாமனார் மட்டும் முன்ஜாக்கிரதையாகப் பல் செட்டைக் கழற்றி மருமகன் சட்டைப் பையில் கொடுத்து வைத்திருந்தார்.

குடை எங்கள் அறையிலேயே தங்கிவிட்டது. பிறகு என்னோடு வந்துவிட்டது. கம்பியெல்லாம் வளைந்து, விரித்தால் பாதிதான் விரியும். தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வைத்திருக்கிறேன். அந்த மனிதரோடு ஒரே அறையில் சில வருஷம் குடியிருக்கக் கிடைத்ததே, அதற்கு நான் என்ன நல்ல வினை செய்தேன் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. அண்ணன் இருந்திருந்தால் தலைகீழாக நின்றாவது கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்.